பெல் வார்ஃப் நிலையத்தில் கதவு திறந்த கதை

புதிய சுரங்க ரயில் நிலையத்துக்குள் கடல்நீர் ஒரு சொட்டுகூட நுழையாது என்று ரயில் வாரியம் பித்தளைப் பலகையில் பொறித்து வாசலில் மாட்டியிருந்தது. கடலுக்குப் படிக்கத் தெரியாது. அக்டோபர் கடைசியில் அடித்த புயலில் அது நியூயார்க் துறைமுகத்தைத் தாண்டி, மன்ஹாட்டனின் தென்கோடித் தெருக்களைத் தாண்டி, அந்தப் பலகைக்கு அடியிலேயே புகுந்து, நகரும் படிக்கட்டில் இறங்கி, நடைமேடையையும் கட்டுப்பாட்டு அறையையும் 'அலை' என்ற பெயரில் வைத்திருந்த கண்ணாடிச் சிற்பத்தையும் பார்வையிட்டுவிட்டு, கூரை வரைக்கும் நிரம்பி நின்றது. புதிய பெல் வார்ஃப் நிலையம் திறந்து மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது.

"நிலையம் மூழ்கவில்லை. நிலையம் இருக்கும் இடத்தில் தற்போது தண்ணீர் இருக்கிறது" என்று மறுநாள் வாரியம் அறிக்கை விட்டது. அதைப் படித்துவிட்டு ஊர் மக்கள் நிம்மதியாக நடக்க ஆரம்பித்தார்கள். வேறு வழி இல்லை.

அப்படி நடந்தவர்களில் ஒருத்தி ரோசலி ஸ்கட்டூரோ. வீடு ஸ்டேட்டன் தீவில். வேலை மன்ஹாட்டனின் செல்சி பகுதியில், முதியோர் பகல் இல்லம் ஒன்றின் சமையலறையில். விடிந்தும் விடியாமலும் தீவிலிருந்து படகேறி, மன்ஹாட்டன் முனையில் இறங்கி, அப்படியே படியிறங்கி ரயிலைப் பிடித்தால் இல்லத்துக் கிழவர்களும் கிழவிகளும் கரண்டியால் மேஜையைத் தட்ட ஆரம்பிப்பதற்குள் ஓட்ஸ் கஞ்சி கொதித்துவிடும். புயலுக்குப் பிறகு அது நடக்கவில்லை. படகிலிருந்து இறங்கி, துறைமுகக் காற்று முகத்தில் அறைய, அடுத்த நிலையம் வரைக்கும் போக வேண்டும். ரோசலியின் முழங்கால்கள் அந்த வயதில் காற்றோடு மல்லுக்கு நிற்கிற முழங்கால்கள் அல்ல.

"இன்னிக்கும் லேட்டு, ரோசலி" என்றார் இல்லத்தின் மேலாளர் பர்ன்பாம்.

"புயல், சார்."

"புயல் போன மாசம் அடிச்சதும்மா."

"அடிச்சிட்டுப் போயிடுச்சு. தண்ணிதான் இன்னும் போகல."

பர்ன்பாம் கெட்டவர் இல்லை. பாதிக் கிழவர்கள் பசியில் அவர் சட்டையைப் பிடித்தார்கள், அவ்வளவுதான். "ஒரு கம்பெனிக்காரன் டப்பாவுல சாப்பாடு தர்றேங்கிறான். ஆறிப்போன முட்டை, ஆறிப்போன ரொட்டி. ஆனா நேரத்துக்கு வந்துடும். நான் எவ்வளவு நாள்தான் உனக்காகப் பேசறது?" என்று கேட்டார். ரோசலி அடுப்பைப் பற்ற வைத்தாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த ஒரு நாள் சாயங்காலம், வீடு திரும்பும் ரயிலில் அவள் கண்ணயர்ந்துவிட்டாள். புயலுக்குப் பின் வண்டி அடுத்த நிலையத்தோடு நின்றுவிடும். எல்லோரையும் அங்கே இறக்கிவிட்டு, காலி வண்டி திரும்பி வருவதற்காக முன்னே போகும். மூலையில் சாய்ந்திருந்த ரோசலியை யாரும் கவனிக்கவில்லை. கிறீச்சென்று பல்லைக் கூச வைக்கும் சத்தத்தில் விழித்துப் பார்த்தாள். வண்டி ஒரு வளைவில் திரும்பி, சிக்னலுக்காக நின்றது. ஜன்னலுக்கு வெளியே பழைய பெல் வார்ஃப் நிலையம்.

மூன்று வருஷத்துக்கு முன், புதியது திறந்த அன்று, மனிதர்கள் கால் வைக்கத் தகாத இடம் என்று சொல்லி இழுத்து மூடிய நிலையம். சுவரில் மணிச் சித்திரம் போட்ட ஓடுகள் பளிச்சென்று இருந்தன. விளக்கு எரிந்தது. பெஞ்சு காய்ந்து கிடந்தது. படிக்கட்டுக்கு மேலே தீவுக்குப் போகும் படகின் ஊதல்கூடக் கேட்டது. ரோசலி எழுந்து கதவைத் தட்டினாள்.

கண்டக்டர் இவெட் டூசான் ஓடி வந்தாள். "அம்மா! நீங்க இங்க இருக்கக் கூடாதும்மா!"

"நானும் அதைத்தான் சொல்றேன். கதவைத் திற, போயிடறேன்."

"திறக்க முடியாது. இங்க ஸ்டேஷன் கிடையாது."

"அப்ப அது என்ன?"

இவெட் திரும்பிப் பார்த்தாள். "அது வண்டி திரும்புற வளைவு."

"பெஞ்சு இருக்கே."

"வளைவுல பெஞ்சு போட்டிருக்காங்க."

"படிக்கட்டு?"

"அம்மா, என்னை வம்புல மாட்டி விடாதீங்க. ஒவ்வொரு நடைக்கும் இங்க வந்துதான் வண்டி திரும்புது. நானும் இந்தப் பெஞ்சைப் பாத்துக்கிட்டேதான் நிக்கிறேன். திறக்கணும்னு கை பரபரங்குது. திறந்தா என் வேலை போயிடும்."

சிக்னல் விழுந்தது. வண்டி நகர்ந்தது. ரோசலி படகைத் தவறவிட்டாள்.

மறுநாள் காலை படகில் இதைக் கேட்டுக்கொண்டிருந்தான் மொமோலு பாடே. லைபீரியாக்காரன், நீதிமன்றத்தில் காவலாளி. பல வருஷமாக இருவருக்கும் ஒரே பெஞ்சு, ஒரே காப்பி, ஒரே புலம்பல்.

"அப்போ வண்டி தினமும் நம்ம காலுக்குக் கீழ வந்து நின்னுட்டு, நம்மளைப் பாத்துச் சிரிச்சிட்டுப் போகுது?"

"அதேதான்."

"வாரியக் கூட்டத்துல போய்ச் சொல்லு ரோசலி. பொதுஜனத்துக்கு ரெண்டு நிமிஷம் தருவாங்க. நான் கோர்ட்டுல பாத்த வரைக்கும், கேக்கறவன் தூங்கினாலும் சொன்னது எங்கேயாவது பதிவாகும்."

துறைமுகச் சுரங்க ரயில் வாரியத்தின் பொதுக்கூட்டம் தேக்கு மர மேஜையும் வெல்வெட் நாற்காலிகளுமாக இருபத்தேழாவது மாடியில் நடந்தது. வெள்ளம் எட்டாத உயரம். ரோசலி ஒலிவாங்கிக்கு முன் போய் நின்றாள். "வண்டி அங்க வந்து நிக்குது. விளக்கு எரியுது. படி இருக்கு. கதவைத் திறங்க" என்றாள். சொல்லி முடித்துவிட்டாள். இரண்டு நிமிஷத்தில் பெரும்பகுதி மிச்சம். இந்த நிலைமைக்கு விதி எதுவும் இல்லாததால் செயலாளர் மணியடிக்கும் வரை சபை முழுவதும் மௌனமாக உட்கார்ந்திருந்தது.

பிறகு தலைவர் பென்ஹாலோ தொண்டையைச் செருமினார். "அம்மையார் எளிமையான தீர்வு ஒன்றைச் சொல்லியிருக்கிறார். எளிமையான தீர்வுகள் மீது இந்த வாரியத்துக்கு அளவற்ற மரியாதை உண்டு. ஆகவேதான் அவற்றை நாங்கள் அவசரப்பட்டுப் பயன்படுத்துவதில்லை. ஒரு கதவைத் திறப்பது சுலபம். ஆனால் அதை ஏன் இதுவரை திறக்கவில்லை என்ற கேள்வி உடனே எழும். அந்தக் கேள்வியிலிருந்து பொதுமக்களைக் காப்பது எங்கள் கடமை."

கைதட்டினார்கள். ரோசலியும் தட்டினாள். எதற்கென்று அவளுக்கே தெரியவில்லை.

கொஞ்ச நாள் கழித்து வாரியம் 'துணிச்சலான மீட்சித் திட்டம்' ஒன்றை அறிவித்தது: பழைய பெல் வார்ஃப் மீண்டும் திறக்கப்படும். அன்று மாலையே ரோசலிக்குத் தொலைபேசி வந்தது. பேசியவர் வாரியத்தின் பொது மகிழ்ச்சிப் பிரிவில் துணை இயக்குநர், பெயர் வெண்டல் ஃபிஸ்க்.

"வாழ்த்துகள் மேடம். திறப்பு விழாவுக்கு நீங்கதான் 'சாதாரணப் பயணி'. கூட்டத்துல நீங்க பேசினது தலைவருக்கு ரொம்பப் பிடிச்சிருந்தது. அவருக்கு ஏற்கெனவே தோணியிருந்த யோசனையை அது நினைவுபடுத்திச்சாம்."

"அப்ப நாளைக்கே திறந்துடுவீங்களா?"

ஃபிஸ்க் அன்போடு சிரித்தார். நாளைக்குத் திறப்பதில் ஒரு சிக்கல் இருந்தது. வாரியத்தின் புயல் நிவாரண நிதி, புயலில் சேதமான நிலையங்களுக்கு மட்டும்தான். பொறியாளர்கள் பழைய நிலையத்தில் இறங்கி மூலை முடுக்கெல்லாம் பார்த்தார்கள். சேதமே இல்லை. கொள்ளுத்தாத்தா காலத்தில் கட்டியது. தண்ணீர் தண்டவாளம் வரை வந்து, பழைய வடிகாலில் தானாகவே வடிந்து போய்விட்டிருந்தது.

"பொறுப்பே இல்லாத ஸ்டேஷன் மேடம்" என்றார் ஃபிஸ்க். "சேதமாகாததை நாங்க எப்படிச் சீர் செய்யறது? சீர் செய்யாததை எப்படித் திறக்கறது?"

ஒத்திகை என்று சொல்லி அவளைக் கூட்டிப் போன அன்று அதற்குக் கண்டுபிடித்திருந்த வழியை அவள் கண்ணாலேயே பார்த்தாள். மூழ்கிய புதிய நிலையத்திலிருந்து ரப்பர் காலணி போட்ட ஆட்கள் வாளி வாளியாகச் சேற்றைச் சுமந்து வந்து பழைய நிலையத்தின் சுவரில் பூசிக்கொண்டிருந்தார்கள். கடற்பாசியைப் பெஞ்சின் மேல் பக்குவமாகப் போர்த்தினார்கள். ஒருவர் எட்ட நின்று தலையைச் சாய்த்துப் பார்த்து, "இடது பக்கம் இன்னும் கொஞ்சம் சோகம் வேணும்" என்றார்.

"இவங்க சேதக் குழு" என்று ஃபிஸ்க் அறிமுகப்படுத்தினார். "இவங்க முடிச்சதும் ஆய்வாளர் வந்து பாப்பார். அப்புறம் மீட்புக் குழு வந்து கழுவும்."

"கழுவினா முன்னாடி இருந்த மாதிரியே ஆயிடுமே."

"அதுதான் மேடம் மீட்பு."

மீட்புக் குழுவில் இருந்தவர்கள் சுறுசுறுப்பான இளைஞர்கள். ஆய்வாளர் வந்து சேருவதற்குள் சுவரைக் கண்ணாடி மாதிரி துடைத்துவிட்டார்கள். அவர்களுக்குக் கண்டனம் தெரிவித்துவிட்டுச் சேதக் குழுவை மறுபடி வரவழைக்க வேண்டியதாயிற்று. இரண்டாம் முறை பூசும்போது சேற்றுக்குத் தட்டுப்பாடு. புதிய நிலையத்தை யாரோ பாதி சுத்தம் செய்துவிட்டிருந்தார்கள். இப்படியாகப் பனிக்காலம் முழுவதும் கழிந்தது. ரோசலி காற்றில் நடந்தாள். வண்டி தினமும் வளைவில் வந்து, சேறு பூசிய பெஞ்சின் எதிரே கதவை மூடிக்கொண்டு நின்றுவிட்டுப் போனது.

சேதம் சரியானதும் ஆச்சரியத்தில் சிக்கல் வந்தது. நிலையத்தில் இறங்கும்போது சாதாரணப் பயணி ஆச்சரியப்பட வேண்டும் என்பது விழா நிரல்.

"எதைப் பாத்து?" என்றாள் ரோசலி.

"நிலையத்தை."

"முப்பது வருஷமா இங்கதான் ஏறி இறங்கிட்டிருந்தேன்."

"அதை மறந்துடுங்க மேடம். எங்க, ஒரு தடவை காட்டுங்க."

ரோசலி கண்ணை அகல விரித்து வாயைத் திறந்தாள்.

ஃபிஸ்க் வருத்தத்தோடு தலையை ஆட்டினார். "அது ஆச்சரியம் இல்ல. அது பசி."

"காலையில சாப்பிடலை சார்."

இதற்கிடையே பர்ன்பாமின் பொறுமை தீர்ந்தது. ஏப்ரல் முதல் திங்கள்கிழமை வரைக்கும் பார்ப்பேன் என்றார். "அன்னிக்கு நீ கஞ்சி நேரத்துக்கு வந்து நின்னா டப்பாக்காரனை நானே விரட்டிடறேன். வரலேன்னா எனக்கு வேற வழியில்லை ரோசலி. என்னைத் திட்டாதே." மூன்று முறை தள்ளிப்போன திறப்பு விழா சரியாக அந்தத் திங்கள்கிழமைக்கு வந்து சேர்ந்தது.

"நான் வரலை சார். வேற யாரையாவது பாருங்க" என்று ரோசலி ஃபிஸ்கிடம் சொன்னாள்.

அவர் முகம் வெளுத்தது. "வேற ஆள்னா மறுபடி முதல்லேருந்து தேடணும் மேடம். அவங்க உண்மையிலேயே சாதாரணம்தானான்னு மூணு துறை பார்க்கணும். இலையுதிர் காலம் வந்துடும். நீங்க வந்துடுங்க. விழா முடிஞ்சதும் அதே வண்டியிலேயே செல்சிக்குப் போயிடலாம். கஞ்சிக்கு முன்னாடி நீங்க அங்க. இது என் வாக்கு."

இலையுதிர் காலம் என்றதும் ரோசலியின் முழங்கால்கள் அவளுக்கு முன்னாலேயே சம்மதித்துவிட்டன. ஒன்றே ஒன்று கேட்டாள். "தலைவர் எந்தப் பெட்டியில வர்றார்?"

"கடைசிப் பெட்டி. பெரியவங்க கடைசியிலதான் வரணும். அதுதான் மரபு."

பழைய பெல் வார்ஃபின் நடைமேடை குட்டையானது. பத்துப் பெட்டி வண்டியில் முதல் ஐந்து பெட்டிகள்தான் அங்கே அடங்கும். மிச்சம் ஐந்தும் சுரங்கத்துக்குள் நிற்கும், கதவு திறக்காது. தீவில் இது பால்குடி மறக்காத குழந்தைக்கும் தெரியும்.

"கடைசிப் பெட்டியில கதவு திறக்காதே சார்."

ஃபிஸ்க் சுற்றும் முற்றும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "தெரியும் மேடம். வாரியத்துல எல்லாருக்குமே தெரியும். ஆனா தலைவர்கிட்ட போய் 'முன்னாடி நகருங்க'ன்னு யார் சொல்றது? போன வருஷம் ஒருத்தர் சொன்னார். அவர் இப்ப பழைய டோக்கன்களை எண்ணிட்டிருக்கார். தலைவரே கவனிச்சிடுவார்னு ஒரு எதிர்பார்ப்பு இருக்கு."

திங்கள்கிழமை வந்தது. ரோசலி படகிலிருந்து இறங்கினாள். பழைய நிலையத்தின் படிவாசலில் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது. பக்கத்தில் ஒரு போலீஸ்காரர். படகுக் கூட்டம் முழுவதும், மொமோலு உட்பட, ரிப்பனுக்கு இந்தப் பக்கம் தேங்கி நின்றது. ரோசலி அந்தப் படியில் இறங்கியிருந்தால் எண்ணிப் பத்து மூச்சில் நடைமேடையில் இருந்திருப்பாள். ஆனால் விழா நிரல்படி அவள் நிலையத்துக்கு வண்டியில் வந்து இறங்க வேண்டியவள். ஆகவே ஃபிஸ்க் அவளைக் காரில் ஏற்றி, வடக்கே சில நிலையங்கள் தாண்டிக் கொண்டுபோய், விழா வண்டியின் கடைசிப் பெட்டியில் உட்கார வைத்தார். முன்பெட்டிகளில் வழக்கமான காலைக் கூட்டம். கடைசிப் பெட்டியில் மட்டும் சிவப்புக் கம்பளம், பித்தளை வாத்தியம் பிடித்த மூன்று பேர், ஒரு புகைப்படக்காரர், நிலையத்தின் வடிவில் ஒரு கேக், அப்புறம் தலைவர் பென்ஹாலோ. பொதுமக்கள் உள்ளே வந்துவிடாமல் இருக்க, பெட்டிக்குப் பெட்டி போகும் கதவைப் பாதுகாப்பு அதிகாரி பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போயிருந்தார்.

தலைவர் ரோசலியைப் பார்த்துக் கனிவாகச் சிரித்தார். "நீங்கதான் சாதாரணமா?"

"ஆமாங்க."

"ரொம்ப நாளாவா?"

"பொறந்ததுலேருந்து."

"அருமை, அருமை" என்றார் தலைவர்.

வண்டி வளைவில் கிறீச்சிட்டு நின்றது. தூரத்தில், முன்பெட்டிகளின் கதவுகள் திறக்கும் சத்தம் கேட்டது. கடைசிப் பெட்டியின் ஜன்னலுக்கு வெளியே கரி படிந்த சுவரும் ஒரு கம்பியும் தெரிந்தன. தலைவர் எழுந்து கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கதவைப் பார்த்து நின்றார். வாத்தியக்காரர்கள் வாசித்தார்கள். கதவு திறக்கவில்லை. பாட்டு முடிந்தது. மறுபடி முதலிலிருந்து வாசித்தார்கள். அப்போது ஒலிபெருக்கியில் இவெட்டின் குரல் வந்தது: "இந்த நிலையத்தில் முதல் ஐந்து பெட்டிகளின் கதவுகள் மட்டுமே திறக்கும். பின்பெட்டிகளில் இருப்பவர்கள் முன்னால் செல்லவும்."

"யாரைச் சொல்றாங்க?" என்றார் தலைவர்.

"பொதுமக்களை, சார்" என்றார் ஃபிஸ்க்.

"சரி சரி. அவங்க போகட்டும். நாம காத்திருப்போம்."

காத்திருந்தார்கள். ஃபிஸ்க் ஓசைப்படாமல் பூட்டிய கதவின் கைப்பிடியை ஆட்டிப் பார்த்தார். சாவியோடு அதிகாரி நடைமேடையில் நின்றுகொண்டு, தலைவர் வருகிறாரா என்று மிகுந்த விழிப்போடு பார்த்துக்கொண்டிருந்தார்.

ரிப்பன் பக்கம் நடந்ததை மொமோலு அன்று சாயங்காலம் படகில் சொன்னான். வண்டியிலிருந்து இறங்கியவர்கள் படியேறி வந்து ரிப்பனுக்கு அந்தப் பக்கம் நின்றார்களாம். இந்தப் பக்கம் படகுக் கூட்டம். ரிப்பன் வெட்டாமல் யாரும் தாண்டக் கூடாது, நிலையம் இன்னும் திறக்கவில்லை என்றாராம் போலீஸ்காரர்.

"இவங்கள்லாம் எங்கேருந்து வந்தாங்க ஆபீசர்?" என்று மொமோலு மரியாதையாகக் கேட்டானாம்.

"வண்டியிலேருந்து."

"வண்டி எங்க நிக்குது?"

"கீழ, ஸ்டேஷன்ல."

"எந்த ஸ்டேஷன்ல?"

போலீஸ்காரர் வானத்தைப் பார்த்துக்கொண்டே ஒற்றை விரலால் ரிப்பனைத் தூக்கினார். அந்தப் பக்கத்தார் குனிந்து வெளியே வந்தார்கள், இந்தப் பக்கத்தார் குனிந்து உள்ளே போனார்கள். முதல் ஐந்து பெட்டிகளும் நிரம்பின. கதவு மூடியது. பின்னால் அடுத்த வண்டி நின்று ஊதிக்கொண்டிருந்ததால் இவெட் கொடியசைத்துவிட்டாள்.

கடைசிப் பெட்டியில் தலைவர் அதற்குள் உரையைத் தொடங்கிவிட்டிருந்தார். புகைப்படக்காரர் அடுத்த வேலைக்குப் போக அவசரப்பட்டார். சுவரைப் பார்த்துத் தலைவர் முழங்கினார்: "மூன்று ஆண்டுகளுக்கு முன் இதே இடத்தில் நின்று, இந்த நிலையம் மனிதர்களுக்குத் தகுதியற்றது என்று சொன்னேன். சொன்ன சொல்லை மாற்றுகிறவன் நான் அல்ல. தகுதியற்ற அதே நிலையத்தை இன்று பெருமையோடு உங்களுக்கு அர்ப்பணிக்கிறேன்! நாங்கள் கட்டிய புதிய நிலையம் எல்லாவற்றையும் முன்கூட்டியே எண்ணிக் கட்டப்பட்டது, தண்ணீர் ஒன்றைத் தவிர. தவறு எங்கள் பக்கம் இல்லை. கடல் கலந்தாலோசனைக் கூட்டங்களுக்கு அழைக்கப்பட்டிருந்தது, வரவில்லை..."

வண்டி நகர்ந்தது. ஃபிஸ்க் கண்ணை மூடிக்கொண்டார். அடுத்த நிலையத்தில் எல்லாக் கதவுகளும் திறந்தன. வேலைக்குப் போகும் கூட்டம் கம்பளத்தையும் கேக்கையும் மிதித்துக்கொண்டு கடைசிப் பெட்டிக்குள்ளும் ஏறியது. தலைவர் நிறுத்தவில்லை. உரையின் நடுவில் இறங்குவது மரபல்ல. ரயிலில் பிரசங்கம் செய்கிறவர்களை நியூயார்க்காரர்கள் நிறையப் பார்த்தவர்கள். ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"பெரியவரே, கொஞ்சம் தள்ளி நின்னு பேசுங்க. காது போகுது" என்றான் ஒருவன்.

"பாவம், நல்ல கோட்டு போட்டிருக்கார். நல்லா வாழ்ந்த மனுஷனா இருக்கும்" என்று ஒரு பெண்மணி ஒரு டாலரை மடித்து அவர் கையில் வைத்தாள். தலைவர் குனிந்து அதை ஏற்றுக்கொண்டு, பொதுமக்களின் பங்களிப்பு என்ற பகுதிக்குப் போனார்.

செல்சி வந்ததும் ரோசலி எழுந்தாள். ஃபிஸ்க் பரிதாபமாக அவளைப் பார்த்தார். "மேடம், நீங்க இன்னும் ஆச்சரியப்படலையே."

"வேலைக்கு நேரமாச்சு சார்" என்று சொல்லிவிட்டு இறங்கி ஓடினாள். முழங்கால் வலிக்கவே இல்லை.

அவள் போய்ச் சேர்ந்தபோது இல்லத்தின் சமையலறையில் யாரும் இல்லை. அடுப்பைப் பற்ற வைத்து, ஓட்ஸைக் கொட்டி, லவங்கப்பட்டைத் தூள் போட்டுக் கிளறினாள். வெளியே முதல் கரண்டி மேஜையில் விழுந்தபோது முதல் கிண்ணம் மேஜைக்குப் போய்விட்டது. பர்ன்பாம் வாசலில் வந்து நின்றார். கடிகாரத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். டப்பாக்காரன் மாதிரிக்காகக் கொடுத்திருந்த பெட்டியை எடுத்து, குப்பைத் தொட்டியில் போட்டார்.

"எனக்கும் ஒரு கிண்ணம் ஊத்து" என்றார். ரோசலி முந்தானை இல்லாத குறைக்கு ஏப்ரனின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அன்று இரவு வாரியம் அறிக்கை விட்டது. ரிப்பன் முறைப்படி வெட்டப்படாததால் நிலையம் திறக்கப்பட்டதாகக் கருத முடியாது. இன்று அதைப் பயன்படுத்தியவர்கள் அங்கே இருக்கவில்லை. தகுந்த மரியாதையோடு திறக்கப்படும்வரை, நாளைக் காலை முதல் நிலையம் மூடப்படுகிறது. விழா பெரும்பாலும் இலையுதிர் காலத்தில்.

மறுநாள் காலை மழை. காற்று குடையைத் திருப்பிப் போட்டது. ரோசலியும் மொமோலுவும் படகுக் கூட்டத்தோடு வந்தபோது படிவாசலில் புது ரிப்பனைக் குறுக்கே பிடித்துக்கொண்டு ஃபிஸ்க் தனியாக நின்றிருந்தார். கட்டுவதற்கு ஆள் வரவில்லை. இரண்டு கையாலும் இரண்டு முனையையும் பிடித்திருந்தார், துணி உலர்த்துகிறவர் மாதிரி.

"மேடம், தயவு செஞ்சு யாரும் உள்ள போகாதீங்க. மூடியிருக்கு" என்றார்.

அந்த நேரத்தில் கீழே வண்டி வந்து நிற்கும் ஓசை கேட்டது. கதவுகள் திறந்தன. மூடச் சொல்லும் உத்தரவு இன்னும் மூன்று கையெழுத்துக்குக் காத்திருந்தது; இவெட்டின் கையில் இருந்தது திறக்கச் சொல்லும் உத்தரவு. அவள் குரல் படிக்கட்டில் ஏறி வந்தது: "பெல் வார்ஃப்! சீக்கிரம் வாங்க, கதவு மூடப்போறேன்!"

கூட்டம் படியை எட்டிப் பார்த்தது. ஃபிஸ்கும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். காது முனையிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டியது.

"நீங்க இங்கேருந்து எங்க சார் போகணும்?" என்று ரோசலி கேட்டாள்.

"ஆபீசுக்கு. நேத்து நடந்தது யார் தப்புன்னு கூட்டம் போட்டிருக்காங்க. நான்தான் முதல் ஆள்."

"இந்தக் காத்துல அடுத்த ஸ்டேஷன் வரைக்கும் நடந்தா போவீங்க?"

ஃபிஸ்க் தெருவைப் பார்த்தார். ஒருத்தருடைய தொப்பி துறைமுகத்தை நோக்கி உருண்டுகொண்டிருந்தது. பிறகு அவர் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினார். "குனியவேண்டாம். அப்படியே போங்க. வேகமா, வேகமா, யாராவது பாத்துடப்போறாங்க."

"எங்களைத் தவிர யாரு இருக்கா?" என்று சொல்லிக்கொண்டே மொமோலு முதல் ஆளாக இறங்கினான்.

கடைசி ஆளும் போனதும் ஃபிஸ்க் ரிப்பனைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடி வந்து, மூடப்போன கதவுக்குள் பக்கவாட்டில் நுழைந்தார். ரோசலி நகர்ந்து இடம் விட்டாள். "உக்காருங்க. நாலாவது பெட்டிதான், சரியான இடத்துலதான் ஏறியிருக்கீங்க."

அவர் உட்கார்ந்து, நனைந்த ரிப்பனை மடியில் வைத்துக்கொண்டு மூச்சு வாங்கினார். எதிரே பையோடு உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் அதை வெகுநேரம் பார்த்தார்.

"ஏம்பா, இந்த ஸ்டேஷனைத் திறந்தாச்சா?"

"இன்னும் இல்லைங்க" என்றார் ஃபிஸ்க்.

பெரியவர் தலையாட்டிவிட்டுச் செய்தித்தாளைப் பிரித்தார். வண்டி வளைவைத் தாண்டி வடக்கே வேகம் பிடித்தது.